மூடு பயிரைத் தெரிந்தெடுத்தல்

அறுவடை முடிந்த நிலம் ஓய்வு கொள்ளுகிறது என்று கூறுவது வழக்கம். உண்மையில் செடி கொடியின்றித் திறந்து கிடக்கும் நிலத்திற்கு ஓய்வு என்பது இல்லை. பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. அவ்வேகத்தில் அது மண்கட்டிகளை உடைத்து நுண்துகள்களாகச் சிதறச் செய்கிறது. அத்துகள்கள் மண்ணிலுள்ள சிறு துளைகளை அடைத்துக்கொள்ளுகின்றன. மழை நின்று வெயில் ஏறியதும் மேற்பரப்பு ஓடுபோல இறுகிவிடுகிறது. அடுத்த மழை அவ்வோட்டின் மீது வழிந்தோடுகையில், பயிருக்குப் பயன்பட வேண்டிய நீரையும், உழவர் பல ஆண்டுகள் எரு இட்டுப் பண்படுத்திய மேல்மண்ணையும் ஒருங்கே கொண்டு செல்லுகிறது.

இவ்விழப்பைத் தடுக்கும் பொருட்டு, ஒரு பயிரின் அறுவடைக்கும் அடுத்த பயிரின் விதைப்பிற்கும் இடையே நிலத்தைப் போர்த்தி வைப்பதற்கென வளர்க்கப்படும் பயிர் மூடு பயிர் எனப்படும். அதனை மடக்கி உழுதால் பசுந்தாள் உரமாகிறது. அறுத்து மாட்டிற்கு இட்டால் தீவனமாகிறது. அறுத்த இடத்திலேயே பரப்பி வைத்தால் மூடாக்கு ஆகிறது. பயன் வேறாயினும் செடி ஒன்றாகவே இருத்தல் கூடும்.

எந்தச் செடியை விதைப்பது என்னும் வினாவையே குடியானவர்கள் முதலில் எழுப்புவர். ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய வினா. நிலம் எத்தனை நாள் காலியாக இருக்கும்? அந்நாட்களில் செடியின் வளர்ச்சிக்கு எல்லை வகுப்பது யாது? உரிய நாளில் அச்செடியின் வாழ்வை முடிக்கப் போவது யார்? இம்மூன்றிற்கும் விடை கண்ட பின்னரே விதையைப் பற்றிப் பேசுவது பொருந்தும். குளிர் நாடுகளின் முறையை முதலில் நோக்கினால் இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

குளிர் நாடுகளின் கணக்கு

வட அமெரிக்கா, வட ஐரோப்பா ஆகிய பிரதேசங்களில் மக்காச்சோளம் முதலிய பயிர்கள் இலையுதிர் காலத்தில் அறுவடையாகின்றன. அதன் பின்னர் சில வாரங்களில் குளிர்காலம் தொடங்கிவிடுகிறது. அங்கு மழைக்குக் குறைவில்லை. வளர்ச்சிக்கு எல்லை வகுப்பது உஷ்ணநிலையே. ஆகவே அந்நாட்டு உழவர் முதல் உறைபனி விழும் நாளை மனத்திற்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாட்களை எண்ணுகின்றனர். கருஞ்சிவப்புக் குளோவர் என்னும் அவரைக் குடும்பப் பயிரைக் கடும் உறைபனிக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்னரே விதைத்துவிட வேண்டும். அறுவடை தாமதமாகி அத்தனை நாட்கள் எஞ்சாவிடில், கம்புப் புல் என்று சிலர் தவறாக மொழிபெயர்க்கும் ரை தானியத்தை விதைப்பர். அது உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிரிலும் முளைக்க வல்லது. பனிக்கடியில் உயிரோடிருந்து இளவேனிலில் மீண்டும் தழைப்பது.

இதற்கு நேர்மாறான இயல்புடையவை ஓட்ஸும் எண்ணெய் முள்ளங்கியும். இவை இலையுதிர் காலத்தில் விரைந்து வளர்ந்து நிலத்தை மூடுகின்றன. கடும் உறைபனி வந்ததும் மடிந்து தரையில் படிகின்றன. இளவேனிலில் உழவர் அவற்றை அழிக்க வேண்டிய வேலையே இல்லை. ரை தானியத்தின் செய்தி வேறு. அது தானே மடிவதில்லை. அதனை உருளையால் நசுக்கியோ, உழுதோ, களைக்கொல்லி தெளித்தோ முடித்தல் வேண்டும். முடிப்பதில் காலந்தாழ்த்தினால் தாள் முற்றிவிடும். முற்றிய தாளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளுவதால், பின்வரும் மக்காச்சோளம் சில வாரங்கள் வெளிறி நிற்கும்.

எனவே குளிர் நாட்டில் மூடு பயிரைத் தெரிந்தெடுப்பது, உறைபனியில் மடியும் பயிர் வேண்டுமா, மடியாத பயிர் வேண்டுமா என்னும் முடிவையே பெரிதும் பொறுத்தது. அங்கே பருவத்தை மூடும் கதவு உறைபனி.

நீலகிரியில்

தமிழ்நாட்டில் இக்கணக்கை நேரில் காணக்கூடிய இடம் நீலகிரி. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. ஆகையால் பள்ளத்து வயலில் செடிகள் கருகியிருக்க, அதே கிராமத்தின் மேற்சரிவில் அவை பசுமையாக நிற்பதைக் காணலாம். ஊருக்கு ஒரே பரிந்துரை என்பது அங்கே பொருந்தாது. வயலுக்கு வயல் நோக்குதல் வேண்டும்.

உருளைக்கிழங்கு விளையும் அச்சரிவுகளில் மண் அரிப்பு பெருந்தொல்லையாதலின், உதகமண்டலத்தில் 1954-ஆம் ஆண்டில் மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அப்பகுதியின் புளிப்பு மண்ணையும் குளிரையும் தாங்கக்கூடிய லூப்பின் என்னும் அவரைக் குடும்பச் செடி பசுந்தாள் உரத்திற்காக அங்கே பரிந்துரைக்கப்பட்டு வந்துள்ளது. 1961-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் கண்டறியப்பட்டது. அப்புழுவின் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடப்பவை. அதன் பின்னர், இடையில் வளர்க்கும் பயிர் மண்ணை மூடினால் மட்டும் போதாது, அப்புழுவிற்கு உணவாகாததாகவும் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையும் சேர்ந்தது. உருளைக்கிழங்கின் குடும்பத்தைச் சேராத லூப்பின் அந்நிபந்தனைக்கும் பொருந்துகிறது.

இனி, குளிர் என்பதே இல்லாத சமவெளியில் இக்கணக்கு எவ்வாறு மாறுகிறது என்பதைப் பார்ப்போம்.

பாலசமுத்திரத்தில் பருவத்தை மூடும் கதவு

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, தெலுங்கும் தமிழும் ஒருங்கே வழங்கும் பகுதியில் அமைந்தது பாலசமுத்திரம். சமுத்திரம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் தென்னாட்டில் பெரும்பாலும் ஏரிகளைக் குறிக்க எழுந்தவை. ஏரியின் கீழ் நெல்லும் கரும்பும், மேட்டு நிலத்தில் நிலக்கடலையும், தோட்டங்களில் மாவும் என்பது இவ்வட்டாரத்து விவசாயத்தின் அமைப்பு. மண் பெரும்பாலும் செம்மண், ஆழம் குறைந்தது, மழைக்குப் பின் மேலே ஓடுபோல இறுகும் இயல்புடையது.

சித்தூர் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டர் அளவினது. அதில் தென்மேற்குப் பருவமழைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் பெரும்பங்கு உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் கூடிய கோடை மழை சில நாட்கள் பெய்யும். ஜனவரி முதல் மார்ச் வரை பெரும்பாலும் வறட்சியே. குளிரால் செடி வளராத நாள் இங்கே ஒன்றுமில்லை. ஈரம் உள்ள நாள் எல்லாம் வளரும் நாள். ஈரம் வற்றிய நாளில் பருவம் முடிந்தது. எனவே குளிர் நாட்டு உழவர் உறைபனியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது போல, இங்குள்ள உழவர் அடுத்த விதைப்பு நாளிலிருந்து பின்னோக்கி, மண்ணிலுள்ள நீரைக் கொண்டு எண்ணுதல் வேண்டும்.

மற்றொரு வேறுபாடு இதனினும் முக்கியமானது. குளிர் நாட்டில் பல மூடு பயிர்களின் வாழ்வை உறைபனியே முடித்துவிடுகிறது. பாலசமுத்திரத்தில் அவ்வுதவி கிடையாது. அங்கே உறைபனி செய்யும் வேலையை இங்கே அரிவாளும் ஏரும் செய்தாக வேண்டும். அந்நாளை முன்கூட்டிக் குறித்துக்கொள்ளாமல் விதைப்பவர், நிலத்திற்குப் போர்வை தேடப்போய்ப் பயிருக்குப் போட்டியைத் தேடிக்கொண்டவர் ஆவார்.

நீர்க்கணக்கு

எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். ஆழம் குறைந்த செம்மண்ணில் வேர் எட்டக்கூடிய பகுதி 40 சென்டிமீட்டர் என்றும், செடி உறிஞ்சத்தக்க நீர் அதில் 40 மில்லிமீட்டர் தங்குகிறது என்றும் கொள்ளுவோம். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். ஆகவே 40 மில்லிமீட்டர் என்பது ஹெக்டேருக்கு 4 லட்சம் லிட்டர். ஏக்கருக்கு ஏறத்தாழ 1,60,000 லிட்டர். நிலத்தை முழுதும் மூடி நன்கு தழைத்த பயிர், கோடை வெயிலில் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்குகிறது எனக் கொண்டால், இத்தனை நீரும் பத்தே நாளில் தீர்ந்துவிடும்.

இன்னும் பத்து நாள் விட்டால் தழை மிகுதியாகக் கிடைக்குமே என்று எண்ணிக் காத்திருக்கும் குடியானவர் இழப்பது இதுவே. அப்பத்து நாளில் மழை பெய்தால் அவருக்கு நட்டமில்லை. பெய்யாவிடில், அடுத்து விதைக்கும் நிலக்கடலை காய்ந்த மண்ணில் தொடங்க நேரும். மானாவாரிக் குடியானவருக்கு விதைப்பருப்பின் செலவு பெருஞ்செலவு. ஒருமுறை முளை கருகினால் மறுமுறை விதைக்கக் கையில் பொருளிராது. மூடு பயிரைப் பரிந்துரைக்கும் களப் பணியாளர் இதனை ஒருபொழுதும் மறத்தலாகாது.

வெற்று நிலமும் நீரை இழக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் மேற்பரப்பு காய்ந்தபின் அக்காய்ந்த படலமே ஒரு மூடிபோல அமைந்து, ஆழத்து ஈரம் மெதுவாகவே வெளியேறும்படி செய்கிறது. வேர்களோ ஆழத்து ஈரத்தையும் எட்டி எடுத்துவிடுகின்றன. மூடு பயிரின் இலாபம் வேறிடத்தில் உள்ளது. இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தடுக்கின்றன. வேர்கள் சென்ற வழியே நீர் உட்புகுகிறது. வழிந்தோடியிருக்க வேண்டிய மழை மண்ணில் இறங்குகிறது. இனியும் மழை உண்டு என்னும் காலத்தில் உயிருள்ள போர்வை இலாபம். மழை ஓய்ந்த காலத்தில் அறுத்துப் பரப்பிய உயிரற்ற போர்வையே இலாபம்; அது மண்ணைக் காக்கும், நீரைக் குடிக்காது.

பின்வரும் பயிரை நோக்குதல்

மூடு பயிர் தனக்காக வளர்க்கப்படுவதன்று. ஆகவே அதைத் தொடர்ந்து வரும் பயிருக்கு எது குறை என்று அறிந்து அதனை நிறைவு செய்யும் செடியைத் தேர்தல் வேண்டும்.

ஏரி நெல்லுக்கும் கரும்புக்கும் முதன்மையான தேவை தழைச்சத்து. ஹெக்டேருக்கு 10 டன் பசுந்தழை கிடைத்தது எனக் கொள்ளுவோம். நீர் போக அதில் உலர்பொருள் ஏறத்தாழ 2 டன். அவரைக் குடும்பச் செடியின் உலர்பொருளில் தழைச்சத்து நூற்றுக்கு 2.5 பங்கு என்று கொண்டால் 50 கிலோ தழைச்சத்து மண்ணில் சேருகிறது. அது முழுதும் முதற்பயிருக்கே கிடைத்துவிடாது. எனினும் அதன் பயன் சிறிதன்று. ஆகையால் நெல் வயலில் நடவுக்கு முன் தக்கைப்பூண்டு, சணப்பு, பில்லிப்பயறு ஆகியவை தக்கவை. கரும்பில் வரிசைகளுக்கிடையே சணப்பையோ தக்கைப்பூண்டையோ நட்ட சில நாட்களில் விதைத்து, 45 நாள் அளவில் மடக்கி மண் அணைப்பது நல்ல முறை.

நிலக்கடலையின் நிலை வேறு. அது தானே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது; வேர் முடிச்சுகளின் வாயிலாகக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெற்றுக்கொள்ளுவது. அதற்கு முன்னர்த் தழைச்சத்துக்கென ஒரு பசுந்தாள் பயிரை வளர்ப்பது, நிறைந்த குடத்தில் நீர் ஊற்றுவதாகும். நிலக்கடலை நிலத்திற்கு வேண்டுவது மண்ணின் இறுக்கம் நீங்குதலும் மக்குப் பொருள் சேருதலும். ஆதலால் கம்பு, சோளம் போன்ற புல்வகைத் தானியங்களும் அவற்றுடன் சிறிது தட்டைப்பயறும் கலந்த விதைப்பு இங்கே பொருத்தமானது. அதனை இளமையிலேயே அறுத்து மாட்டிற்கு இடலாம். தட்டையும் வேரும் நிலத்திற்கு. ஆனால் சோளத்தின் இளந்தளிரில், குறிப்பாக வறட்சியில் வாடிய தளிரில், கால்நடைகளைக் கொல்லத்தக்க நஞ்சு உண்டு என்பதைக் குடியானவர்க்கு நினைவூட்டுதல் வேண்டும். தீவனத்தை முதன்மையாக நாடுவோர்க்குக் கம்பே பாதுகாப்பானது.

நிலக்கடலைக்கு முன்னர்ப் பசுந்தழையை மடக்கி உடனே விதைத்தல் கூடாது. மட்காத தழை மண்ணின் மேற்பகுதியில் கிடந்தால், நிலக்கடலையின் தண்டழுகல் நோயை உண்டாக்கும் பூசணம் அதன்மீது பெருகும். மடக்குவதற்கும் விதைப்பதற்கும் இடையே இரண்டு மூன்று வார இடைவெளி வேண்டும்.

மாந்தோப்பில் கேள்வி மறுபடியும் மாறுகிறது. மரத்திற்கு மரம் உள்ள இடைவெளி மழைக்காலத்தில் களைகளால் நிறைகிறது. அவ்விடத்தில் தென்மேற்குப் பருவமழையோடு சணப்போ, தட்டைப்பயறோ, கொள்ளோ விதைக்கலாம். ஆனால் மா பூப்பதற்கு முன் சிறிது காலம் ஈரக்குறைவான ஓய்வை நாடுவது. பருவமழை நாட்களில் வளர்ந்த செடியைப் பூக்கத் தொடங்கியதும் அறுத்து மரத்தடியில் பரப்பிவிட்டால், கோடையில் அது மூடாக்காக நின்று பயன் தரும்.

செடிகளின் இயல்பு

இனிச் செடிகளை ஒவ்வொன்றாக நோக்கலாம். இவ்வட்டாரத்துக் குடியானவர்கள் வழங்கும் தெலுங்குப் பெயர்களும் உடன் தரப்படுகின்றன.

சணப்பு, தெலுங்கில் ஜனுமு. விரைந்து வளர்ந்து களைகளை அடக்குவது. வேர் முடிச்சு நூற்புழுக்களைக் குறைக்கும் இயல்பும் இதற்கு உண்டு. நீர் தேங்கினால் தாங்காது. ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ விதை வேண்டும். 45 முதல் 60 நாட்களுக்குள் மடக்க வேண்டும். பிந்தினால் தண்டு நாராகி எளிதில் மட்காது.

தக்கைப்பூண்டு, தெலுங்கில் ஜீலுகு. நீர் தேங்கிய நிலத்தையும் உவர் நிலத்தையும் தாங்குவது. ஏரிக்கீழ்ப் பள்ள நிலங்களுக்கு உரியது. ஏக்கருக்கு ஏறத்தாழ 20 கிலோ விதை.

பில்லிப்பயறு, தெலுங்கில் பில்லிபெசர. தரையோடு படர்ந்து நிலத்தை நன்கு மூடுவது. ஒருமுறை தீவனமாக அறுத்த பின்னரும் துளிர்ப்பது. தழை அளவு குறைவு; ஆனால் விதையும் குறைவாகவே செலவாகும். ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ போதும்.

கொழிஞ்சி, தெலுங்கில் வெம்பலி. வறட்சிக்கு அஞ்சாதது. கால்நடைகள் இதனை விரும்பி மேய்வதில்லை. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை. விதைத்தோல் கடினமாதலின், விதையை மணலுடன் சேர்த்துத் தேய்த்தபின் விதைக்க வேண்டும். ஒருமுறை நிலைபெற்றால் உதிர்ந்த விதையினின்று ஆண்டுதோறும் தானே முளைக்கும்.

கொள்ளு, தெலுங்கில் உலவலு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குறைந்த ஈரத்திலும் வளர்ந்து நிலத்தை மூடுவது. நிலக்கடலை பொய்த்த ஆண்டில் அந்நிலத்திலேயே விதைக்கத் தக்கது. தானியமும் தீவனமும் தருவதால் ஏழைக் குடியானவர் தயங்காமல் ஏற்கும் மூடு பயிர் இதுவே.

இப்பட்டியலில் கொழிஞ்சியைப் பற்றி ஒரு சொல். அறுவடைக்குப் பின் ஊர் மாடுகளைத் திறந்த வயல்களில் மேயவிடும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. அத்தகைய ஊரில் ஒருவர் மட்டும் தம் வயலில் தட்டைப்பயறு விதைத்தால், அது ஊர் மாடுகளுக்கு விதைத்ததாகும். மேய்ச்சலைப் பற்றி அண்டை நிலத்தாரோடு உடன்பாடு ஏற்படும் வரை, மாடு தொடாத கொழிஞ்சியே தகுந்தது. மண்ணையும் மழையையும் போலவே ஊர் வழக்கமும் தேர்வை நிர்ணயிக்கும் ஒரு காரணம் என்பதை இதனால் அறியலாம்.

பசுமை எல்லாம் மூடு பயிர் அன்று

நிலம் பசுமையாக இருந்தால் போதும், களையேனும் மூடியிருக்கட்டும் என்று கருதுவோர் உளர். ராயலசீமை இதற்குத் தந்த பாடம் பெரிது. 2000-ஆம் ஆண்டில் அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலைச் செடிகள் தண்டு கருகி மடியலாயின. நோய் ஏறத்தாழ 2,25,000 ஹெக்டேர் நிலத்தில் பரவியது. புகையிலைக் கீற்று நச்சுயிரி இந்நோய்க்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. தரிசுகளிலும் வரப்புகளிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் என்னும் களை அந்நச்சுயிரியைத் தாங்கி நின்றது. அதன் மகரந்தத்தைச் சுமந்து சென்ற இலைப்பேன்கள் வாயிலாக நோய் நிலக்கடலையை அடைந்தது. பார்த்தீனியமும் நிலத்தை மூடத்தான் செய்கிறது. ஆனால் அது அடுத்த பயிரின் பகைவனுக்கு இடம் கொடுத்து மூடுகிறது. விதைப்புக்கு முன் அக்களையை அது பூக்குமுன் அகற்றுவதும், நிலக்கடலை வயலைச் சுற்றிக் கம்பு அல்லது சோளம் சில வரிசைகள் நெருக்கமாக விதைப்பதும் பரிந்துரைக்கப்படும் பாதுகாப்பு முறைகள். நீலகிரியில் நூற்புழு கற்பித்ததையே ராயலசீமையில் நச்சுயிரியும் கற்பித்தது.

பல விதைக் கலப்பு

ஆந்திரப் பிரதேசத்தில் 2016-ஆம் ஆண்டு முதல் மாநில அரசின் இயற்கை விவசாயத் திட்டம் நடைபெற்று வருகிறது. அத்திட்டத்தில் பருவமழைக்கு முந்திய உலர் விதைப்பு என்னும் முறை 2018-ஆம் ஆண்டில் புகுத்தப்பட்டது. தானியம், பயறு, எண்ணெய்வித்து, காய்கறி எனப் பல வகை விதைகளைக் கலந்து, களிமண், சாணம், சாம்பல் ஆகியவற்றால் பூசி உருட்டி, கோடையில் காய்ந்த நிலத்திலேயே தூவி, மேலே வைக்கோல் முதலியவற்றைப் பரப்புவது இம்முறை. பூச்சு விதையைப் பறவையினின்றும் எறும்பினின்றும் காக்கிறது. போதிய ஈரம் கிடைத்தபோது விதை முளைக்கிறது.

பல விதைகளைக் கலப்பதன் நியாயம் எளிது. கோடை மழை எப்பொழுது, எவ்வளவு பெய்யும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஒரே விதையை நம்பினால், அதற்கு ஒவ்வாத ஆண்டில் நிலம் வெறுமையாகிவிடும். கலப்பில் ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று நிற்கும். ஆழவேர்ச் செடியும் மேல்வேர்ச் செடியும் வெவ்வேறு மட்டங்களில் ஈரம் தேடும். ஆனால் மேலே கூறிய நீர்க்கணக்கு கலப்பு விதைப்பிற்கும் விலக்கன்று. கலப்பில் உள்ள செடிகள் வெவ்வேறு நாளில் முற்றுபவை. எல்லாம் முற்றட்டும் என்று காத்திருத்தல் இயலாது. பின்வரும் பயிரின் விதைப்பு நாளே அனைத்திற்கும் முடிவு நாள்.

முடிவு நாளைக் குறித்தல்

களப் பணியாளர் குடியானவரோடு அமர்ந்து விதைக்கும் நாளைக் குறிப்பதற்கு முன் முடிக்கும் நாளைக் குறிக்கலாம். நிலக்கடலையை ஜூலை முதல் வாரத்தில் விதைப்பதாக இருந்தால், மட்குவதற்கு மூன்று வாரம் தள்ளி ஜூன் 10-ஆம் நாள் அளவில் மூடு பயிரை அறுத்தாக வேண்டும். ஏப்ரல் இறுதியில் கோடை மழை கிடைத்து விதை முளைத்தால் 40 நாள் வளர்ச்சி கிடைக்கும். கம்பு, தட்டைப்பயறுக் கலப்புக்கு அது போதும். மழை மே மாத இறுதியிலேயே கிடைக்குமாயின் எஞ்சுவது இரண்டு வாரமே. அவ்வாண்டில் கோடை மூடு பயிரைக் கைவிட்டு, நிலக்கடலையின் அறுவடைக்குப் பின் வடகிழக்குப் பருவமழையில் கொள்ளு விதைப்பதே அறிவுடைமை. விதைக்க வேண்டாம் என்று கூற வேண்டிய ஆண்டில் அவ்வாறு கூறுவதும் பரிந்துரையே ஆகும்.

கிராமத்திலும் பள்ளியிலும் செய்யத்தக்க சோதனைகள்

நிலம் எவ்வளவு மூடப்பட்டுள்ளது என்பதை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. 10 மீட்டர் நீளமுள்ள கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 100 முடிச்சுகள் இட வேண்டும். கயிற்றை வயலின் குறுக்கே மூலைவாட்டில் இழுத்துப் பிடித்து, எத்தனை முடிச்சுகளின் நேர் கீழே இலையோ தாளோ உள்ளது என்று மாணவரைக் கொண்டு எண்ணச் செய்யலாம். 60 முடிச்சுகளின் கீழ் மூடாக்கு இருந்தால் நிலம் நூற்றுக்கு 60 பங்கு மூடப்பட்டுள்ளது. மூன்று நான்கு இடங்களில் எண்ணிச் சராசரி காணுதல் நலம்.

ஈரத்தை அறிய, ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். உருண்டை நிலைத்து நின்றால் ஈரம் உண்டு. பிடியை விட்டதும் உதிர்ந்தால் மூடு பயிரை அறுக்கும் நாள் வந்துவிட்டது.

ஆசிரியர்கள் வகுப்பில் இரண்டு தகரத் தட்டுகளில் ஒரே செம்மண்ணை நிரப்பி, ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்தி வைக்கலாம். ஒரு தட்டில் கொள்ளு விதைத்துப் பதினைந்து நாள் வளர்க்க வேண்டும். மற்றொன்றை வெறுமையாக விட வேண்டும். பின்னர்ப் பூவாளியால் இரண்டிலும் ஒரே அளவு நீரைத் தெளித்து, வழிந்து வரும் நீரைக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்தால் ஒன்று சற்றே கலங்கியும், மற்றொன்று செந்நிறச் சேறாகவும் இருப்பதை மாணவர் காண்பர். அடுத்த பத்து நாட்கள் நீரூற்றாமல் விட்டு, இரண்டு தட்டிலும் உள்ள மண்ணைத் தோண்டிப் பார்க்கச் செய்வதும் அவசியம். செடியிருந்த தட்டில் மண் அதிகம் உலர்ந்திருக்கும். மூடு பயிரின் நன்மையை முதற்பகுதியும், அதன் விலையை இரண்டாம் பகுதியும் காட்டுகின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் ஆகாது.

குளிர் நாட்டு நூல்களில் காணும் பயிர்ப் பெயர்களை அப்படியே இங்கே கொண்டு வருதல் பயன் தராது. அந்நாட்டு உழவர் கணக்கிடும் முறையையே கொண்டு வருதல் வேண்டும். அவர் உறைபனியை நோக்கி நாள் குறிக்கிறார். பாலசமுத்திரத்துக் குடியானவர் ஈரத்தை நோக்கி நாள் குறித்தல் வேண்டும். அவருக்கு உறைபனி அறுத்துக் கொடுப்பதை இவர் தம் அரிவாளால் அறுத்துக்கொள்ளுதல் வேண்டும். உரிய நாளில் அறுக்கும் மனவுறுதி உள்ள இடத்தில், மேற்கூறிய செடிகளில் எதுவும் நிலத்திற்கு நல்ல போர்வையாகவே அமையும்.